ஹாஸ்பிஸ்: ஒரு சத்திரத்தின் பெயர்

'ஹாஸ்பிஸ்' என்று சொன்னதுமே நோயாளியின் வீட்டார் முகம் மாறிவிடும். சாகும் நிலையிலிருப்பவரைப் பேணும் அந்த இல்லத்தில் சேர்ப்பதென்றால் கைகழுவி விடுவது என்று பொருள்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் பிறந்த இடத்தில் சாவின் சாயலே இல்லை.

லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்றால் விருந்தாளி. விருந்தோம்புகிறவரையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். நாம் அன்றாடம் புழங்கும் ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் இதன் கிளைகள். நம் 'விருந்து'ம் முதலில் புதுமையைக் குறித்து, பிறகு புதிதாக வந்தவரைக் குறித்து, கடைசியில்தான் இலைச் சாப்பாடாயிற்று. இரண்டு சொல்லும் முன்பின் அறியாதவருக்குக் கதவு திறந்தவை.

இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர் தங்கும் சத்திரம் ஹாஸ்பிஸ். ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் அமைத்த சத்திரம் இன்றும் அதே பெயரில் நடக்கிறது. பனியில் சிக்கியவருக்கு அங்கே சூடும் உணவும் கிடைத்தன.

சாகும் நிலையிலிருப்பவரைப் பேணும் அமைப்பு 1842இல் பிரான்சின் லியோன் நகரில் உருவானது. கணவரையும் குழந்தைகளையும் பறிகொடுத்த ழான் கார்னியே, தம்மைப் போன்ற விதவைகளைத் திரட்டி அதைத் தொடங்கினார். துறவு பூணாத, சாதாரண வீட்டுப் பெண்கள் அவர்கள். 1879இல் டப்ளினில் கன்னியாஸ்திரிகள் திறந்த இல்லம் ஹாஸ்பிஸ் என்றே பெயர் பூண்டது.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் நிறுவிய இல்லத்துக்குப் பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரின் பெயரை வைத்தார். மருத்துவராகும் முன்பே இறப்போர் இல்லமொன்றில் தொண்டராக உழைத்தவர் அவர். சத்திரம் என்ற பழம்பொருளை மறக்காமல்தான் அந்தப் பெயரைத் தேர்ந்தார் என்று கொள்கிறேன். பிரெஞ்சு பேசும் மான்ட்ரியாலிலோ 'ஹாஸ்பிஸ்' ஆதரவற்றோர் விடுதியை நினைவூட்டியது. அதனால் டாக்டர் பால்ஃபோர் மவுன்ட் 1970களில் 'பாலியேட்டிவ் கேர்' என்ற பெயரை எடுத்தாண்டார். போர்வையைக் குறிக்கும் 'பாலியம்' அதன் வேர்.

அந்தப் பெயர்தான் கேரளத்தில் வேர்விட்டது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் பிறகு மலப்புறத்தின் தெருக்களுக்குப் பரவியது. அங்கே பயிற்சி பெற்ற அண்டைவீட்டார் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் படுக்கைப்புண்ணைத் துடைக்கிறார்கள், பேச்சுத்துணையாக இருக்கிறார்கள். 'ஹாஸ்பிஸ்' என்ற சொல்லின் உண்மையான வாரிசுகள் அவர்கள்தான்.

திருக்குறளும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளில் ஒன்றாக, அருகிருந்து பேணுகிறவரை எண்ணியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ. மாதக்கணக்கில் சரியான தூக்கமே இருக்காது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், வாரத்தில் ஒரு நாள் மாலை போய் நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க கொஞ்சம் படுத்து எழுந்திருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள்.