புதுச்சேரி வீதிகளில் நம் கதை

விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த கதை, பங்குத் தந்தையரின் பெயர் வரிசை, உபதேசியார்களின் உழைப்பு ஆகியவற்றை எழுதுவதே வழக்கம். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் நம் பங்கில் இருக்கின்றார்கள். நான் எடுத்துக்கொண்டது புதுச்சேரி நகரை. விளாத்திகுளத்து மலரில் புதுச்சேரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு 1814-இல் மீண்டும் உயிர் பெற்றதும், அநாதையாகக் கிடந்த மதுரை மிஷனை மறுபடி எடுத்து நடத்த நான்கு பிரெஞ்சுக் குருக்கள் கப்பலேறினர். பெர்த்ராண்ட், கார்னியே, மார்த்தேன், துரான்கே என்பன அவர்கள் பெயர்கள். 1837-இல் அவர்கள் முதலில் கால் வைத்த தமிழ் மண் புதுச்சேரி. அவர்களுக்குப் பின்னும் பிரெஞ்சு நாட்டுச் சுவாமிமார் பலர் வந்து, கரிசல் புழுதியில் மாட்டு வண்டியேறி நம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் பூசை வைத்தார்கள். ஆகையால் அந்த ஊர் நம் விசுவாசத்துக்கு ஒரு வாசற்படி. இது ஒரு காரணம். எட்டயபுரத்துப் பாரதி பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்த ஊர் அது என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தையும் மறைப்பானேன்? எனக்கு அந்த ஊரை மிகவும் பிடிக்கும்.

கோவில்பட்டியில் இரவு ரயிலேறி, விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. பையை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கால்போன போக்கில் நடக்கவேண்டும். வழி தவறும் என்ற பயமே வேண்டாம். வீதிகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்று கடலில் முடிகின்றன. பிரெஞ்சு ஊர் என்று நாம் வியக்கும் இந்த நேர் வீதித் திட்டத்தை முதலில் வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் நகரைப் பிடித்து ஆறாண்டுகள் வைத்திருந்தபோது அவர்கள் போட்ட திட்டம் அது. அவர்களிடமிருந்து நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் திட்டத்தின் வழியே கட்டிக்கொண்டு போனார்கள்.

காலை வேளையில் அந்த வீதிகளைக் காணவேண்டும். மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த மதில்கள், மதிலுக்கு மேலே காகிதப் பூக்கொத்துகள், இரண்டாள் உயரக் கதவுகள். அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து அரிசி மாவில் கோலம் போடுவாள். சைக்கிளில் நீள ரொட்டிக் கட்டுடன் ஒருவர் மணியடித்துப் போவார். நீல நிறத் தகட்டில் வீதியின் பெயர் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருக்கும்: துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி, ரொமேன் ரோலன் வீதி. சிவப்புக் குல்லாய் வைத்த போலீஸ்காரர் சந்திப்பில் நிற்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே 'சொல்தா' என்று பெயர். மாலையில் மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் முதியவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிந்தது. ஆயினும் பழக்க வழக்கங்கள் அப்படிச் சட்டென்று மூட்டை கட்டுவதில்லை.

பாரதி பூங்காவின் நடுவில் வெண்ணிறமாக ஆயி மண்டபம் நிற்கின்றது. கண்மாயும் ஊருணியுமே கதியென்று வானத்தைப் பார்த்து வாழ்ந்த நம்மவர்கள் அந்த மண்டபத்தின் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளி வீசும் ஒரு மாளிகையைக் கோயிலென்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபங்கொண்டு அதை இடிக்கச் சொன்னாராம். அவளோ தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்கென்று ஒரு குளம் வெட்டினாளாம். இது வாய்வழிக் கதை. வரலாறு என்னவென்றால், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லாமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்ததே இம்மண்டபம். சக்கரவர்த்தியின் பெயரையோ பொறியாளரின் பெயரையோ வைக்காமல், தண்ணீர் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரால் மக்கள் அதை அழைக்கிறார்கள். அந்த இடத்தில் சற்று நேரம் உட்காராமல் நான் திரும்பியதில்லை.

இனி கோயில்களுக்கு வருவோம். கடலோரமாகக் கப்புச்சின் சபையார் தொடங்கிய சம்மனசுகளின் மாதா கோயில் இருக்கிறது. மக்கள் வாயில் அது 'கப்ஸ் கோயில்'. இப்போதுள்ள கட்டடம் 1855-இல் எழுந்தது. எதிரே புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை. ரயிலடிக்கு அருகே செந்நிறமும் வெள்ளையுமாக இருதய ஆண்டவர் கோயில். 1902-இல் தொடங்கி 1907-இல் முதல் பூசை கண்ட அந்த ஆலயம் 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெயில் இறங்கும்போது தரையெல்லாம் நிறம் சிந்திக் கிடக்கும். இரண்டும் அழகிய ஆலயங்கள். ஆனால் என் கால் தானாகப் போவது மிஷன் வீதிச் சம்பா கோயிலுக்குத்தான்.

அமலோற்பவ மாதா பேராலயம் என்பது அதன் முறையான பெயர். சேசு சபையாரைப் புனித சின்னப்பரின் பெயரோடு சேர்த்து அழைத்த வழக்கத்தால் 'சான் பாவுலோ' என்பது மருவிச் சம்பா ஆயிற்று என்பர். சேசு சபையார் அங்கே 1692-இல் கட்டிய முதல் கோயிலை மறு ஆண்டே டச்சுக்காரர்கள் அழித்தனர். பின்னர் ஒன்று எழுந்தது. அதற்குப் பிறகு 1728-இல் தொடங்கிப் பெரிய கோயில் ஒன்று கட்டினார்கள். அதை 1761-இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினர். நாம் இன்று காண்பது 1770-இல் தொடங்கி 1791-இல் முடிந்த கோயில். இரட்டை இரட்டையாகத் தூண்கள் நிற்கும் முகப்பு; வாசலில் மாதா சுரூபம்.

அந்தப் பெரிய கோயில், அதாவது 1761-இல் இடிந்த கோயில், நம்மைச் சும்மா விடாது. அதன் கதையை எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர். துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவர். 1736 முதல் 1761-இல் தாம் சாகும் வரை நாட்குறிப்பு எழுதியவர். சந்தை விலையும் கப்பல் வரவும் எழுதிய அதே பேனாவால், 1745 அக்டோபரில் சம்பா கோயிலுக்குள் நடந்ததையும் எழுதினார்.

கோயிலின் வட பக்கத்தில் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் அந்தச் சுவருக்கு அப்பால். சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும் இப்பால். பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, சுவர் மட்டும் நடுவில். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு கொடுத்த ஊக்கத்தால், அந்த மக்கள் பெரிய சுவாமியாரிடம் போய், நாங்கள் உங்கள் பிள்ளைகள் என்பது மெய்யானால் எல்லோரையும் ஒன்றுபோல நடத்தவேண்டும் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், கூட்டம் கூடியது, விவகாரம் ஆளுநர் வரை போயிற்று. இரண்டாயிரம் ஆண்டுத் திருச்சபையின் பெரிய பெரிய சங்கங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்தப் பெயரறியாத மக்கள் சுவாமியாரின் முன் நின்று கேட்ட அந்தக் கேள்விக்கு நிகரான ஞான உபதேசம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே நாட்குறிப்பில் 1748-ஆம் ஆண்டின் பக்கங்களும் உண்டு. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த சமயம். அதைச் சாக்காக வைத்துச் சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேக்சின் மனைவிக்கும் சேசு சபையாருக்கும் அதில் பங்கிருந்ததைப் பிள்ளை மனம் நொந்து எழுதுகிறார். ஈசுவரன் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. அடுத்தவர் கோயிலை இடித்த பதின்மூன்றாம் ஆண்டில் நம் கோயிலும் இடிந்தது. இதற்கு நான் பொருள் சொல்ல முற்படவில்லை. ஆண்டுகளை மட்டும் அடுத்தடுத்து வைத்தேன். விழா மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் தயங்கினார். பாவசங்கீர்த்தனம் சொல்லிப் பழகிய நாம் வரலாற்றில் மட்டும் ஏன் கூசவேண்டும் என்று அவரைக் கேட்டேன்.

அது புதுச்சேரிச் சங்கதி, நமக்கென்ன என்று ஒதுக்கவும் முடியாது. நம் தெற்குச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை அறியாதவர் யார்? 1872-இல் கட்டும்போதே இரு சாதியாருக்கு இரு கூடங்களாக, பீடத்தில் மட்டும் ஒன்று கூடும்படி கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கால்சட்டைபோல இருக்கும் என்று 'கால்சட்டைக் கோயில்' என்றே பெயர் வந்தது. அந்த நடுச்சுவரை 1910-11 வாக்கில் அகற்றியவர் பிரெஞ்சு நாட்டவரான கௌசானல் சுவாமிகள். 1903-இல் பாளையங்கோட்டையில் இருதய சகோதரர் சபையைத் தோற்றுவித்த அதே மகான். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். புதுச்சேரிச் சுவருக்கும் வடக்கன்குளச் சுவருக்கும் இடையே 165 ஆண்டுகள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

சம்பா கோயிலை விட்டு வெளியே வந்தால் மனம் ஆற வேறு செய்திகளும் உண்டு. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றி நம் மண்ணை மிதித்த வீரமாமுனிவரின் தேம்பாவணி, புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில்தான் 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக அச்சேறியது. பெண் பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், 1844-இல் துப்புய் சுவாமிகள் அங்கே மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தோற்றுவித்துப் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பிரெஞ்சு-தமிழ் அகராதிப் பணியிலும் அவர் கை உண்டு.

கடலூர்ச் சாலைப் பக்கம் போனால் 1898-இல் தொடங்கிய ரோடியர் மில்லின் நெடிய மதில். பருத்தி விளைவித்த கைகளுக்கு நூற்பாலையைக் கண்டால் ஒரு சொந்தம் தோன்றும் அல்லவா? 1936 ஜூலை 30-ஆம் நாள் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் போலீசார் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இப்போது ஆலைச் சங்கும் ஊதுவதில்லை.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் தமிழ் வீட்டு அமைப்பு. 1908-இல் ஆங்கிலேயர் கைக்கு எட்டாதபடி வந்தவர், 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் கைதானார். இடையில் 1911-இல் நம் மணியாச்சி ரயிலடியில் வாஞ்சிநாதனின் துப்பாக்கி வெடித்தபோது, அதன் புகை இந்தத் தெரு வரைக்கும் வந்தது. வேவுகாரர்கள் வாசலிலேயே கிடந்தார்கள். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது இந்த ஊரில்தான். அந்த வீட்டுக்குள் நிற்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்ததுதான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அந்த இளைஞர் பின்னாளில் பாரதியைத் தம் குருநாதராகக் கொண்டு ஒரு நூலே எழுதினார். சம்பா கோயிலுக்கும் அந்த வீட்டுக்கும் நடைதூரந்தான்.

சென்ற முறை போயிருந்தபோது ஞாயிறு அதிகாலைப் பூசைக்குச் சம்பா கோயிலுக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வட பக்கமாக ஓர் ஓரத்தில் நின்றேன். சந்தைப் பையோடு வந்திருந்த ஓர் அம்மாள், "தள்ளிக்குங்க, ஐயா நிக்கறாரு" என்று பக்கத்திலிருந்தவர்களை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார். பூசை முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளையிடம், அந்தக் காலத்துச் சுவர் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுவர் என்னங்க, அந்தக் கோயிலே இப்போ கிடையாதே. இது அதுக்கப்புறம் கட்டினது" என்றார்.

பிறகு வடக்கு வாசற் கதவை அகலத் திறந்துவிட்டு, அடுத்த பூசைக்குப் பெஞ்சுகளை ஒழுங்கு செய்யப் போனார். நானும் ஒரு பக்கம் பிடித்து உதவிவிட்டு, விழுப்புரம் பஸ்ஸுக்கு நடந்தேன்.