ரோசாப்பூ துரை எடுத்த வேலை

நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பசங்க சட்டம் படிச்சு முடிச்சதும் வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடும். சென்னையில ஒரு கம்பெனி மாசச் சம்பளம் தர்றேங்குது. மதுரை ஐகோர்ட் கிளையில ஒரு சீனியர், ஜூனியரா வந்து சேருங்கிறார். உத்தமபாளையம் கோர்ட்ல தெரிஞ்ச வக்கீல் கூப்பிடுறார். பஸ் காசுக்கு மேல தேறுமான்னு சந்தேகம். எதுக்குப் போறது?

இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு ஜார்ஜ் ஜோசப் ஞாபகம்தான் வரும். இந்தப் பக்கத்துப் பெருசுங்களுக்கு அவர் 'ரோசாப்பூ துரை'. ஜோசப்ங்கிற பேரு வாயில புரண்டு ரோசாப்பூ ஆயிடுச்சும்பாங்க.

செங்கன்னூர்ல 1887-ல் பிறந்தவர். எடின்பரோவுல படிச்சு, லண்டன் மிடில் டெம்பிள்ல பாரிஸ்டர் ஆகி, 1909-ல் ஊர் திரும்பினார். முதல்ல சென்னையிலதான் தொழில் ஆரம்பிச்சார். பெரிய கேஸ், பெரிய ஃபீஸ் எல்லாம் ஐகோர்ட் இருந்த அங்கதான். ஆனா மனுஷன் மதுரைக்கு வந்து உட்கார்ந்துட்டார்.

அப்போ தேனி, கம்பம் எல்லாமே மதுரை ஜில்லா. பிரமலைக் கள்ளர் மேல குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ஞ்ச காலம். 1914-ல் கீழக்குயில்குடியில ஆரம்பிச்சு, 1918-ல் மொத்தச் சமூகத்துக்கும் விரிஞ்சுது. ஜனங்க வச்ச பேரு 'ரேகைச் சட்டம்'. தப்பு பண்ணணும்னே இல்ல, அந்தச் சாதியில பொறந்தாப் போதும். ரேகை வைக்கணும், வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். ராத்திரியில ஆம்பளைங்க போலீஸ் கண்காணிப்புல போய்ப் படுக்கணும். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மறுத்த ஜனங்க மேல துப்பாக்கிச் சூடு. மாயக்காள்ங்கிற பொம்பளையோட சேர்த்து 16 பேர் செத்தாங்க.

இந்த ஜனங்களுக்காகக் கோர்ட்ல வாதாடினார் ஜோசப், பத்திரிகையிலயும் எழுதினார். பெரிய ஃபீஸ் தர்ற கட்சிக்காரங்களா இவங்க?

அவருக்கு வேற வாய்ப்பே வரலையான்னா, நிறைய வந்துச்சு. ஒத்துழையாமை இயக்கத்துல வக்கீல் தொழிலை விட்டார். மோதிலால் நேருவோட 'இண்டிபெண்டண்ட்' பத்திரிகைக்கு ஆசிரியரா அலகாபாத் போய், 1921 டிசம்பர்ல கைதானார். வெளிய வந்ததும், காந்தி ஜெயில்ல இருந்த 1923-ல் 'யங் இந்தியா' ஆசிரியர். 1924-ல் வைக்கம் சத்தியாகிரகம், அங்கயும் கைது. அப்புறம் திரும்பவும் மதுரை, திரும்பவும் கறுப்பு கோட்டு. 1937-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். அடுத்த வருஷம் மார்ச்ல செத்துப் போனார், வயசு 50. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ரத்தானது 1947-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்ல.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நேரு வீட்டுப் பத்திரிகை, காந்தி பத்திரிகை, டெல்லி சட்டசபை.. இதுக்கெல்லாம் அவரை இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? கோர்ட்ல யார் பக்கம் நின்னார்ங்கிறதுதான் ஜனங்க மனசுல நின்னுச்சு. பிள்ளைங்களுக்கு ரோசாப்பூன்னு பேரு வச்சாங்க.

அதுக்காக சம்பளத்தை உதறிட்டு வான்னு சொல்ல மாட்டேன். வீட்ல கடன் இருந்தா சென்னைக்குப் போறதுதான் நியாயம், அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிற கையோட இன்னொண்ணும் கேட்டுக்கணும்: இந்த வேலையில நம்ம மேஜைக்கு எதிர்ல யார் வந்து உட்காருவாங்க? சம்பளம் பின்னால கூடும், குறையும். வக்கீலை வக்கீலா ஆக்குறது அந்த எதிர் நாற்காலிதான்.