பதிவேட்டின் கட்டங்களுக்குள் வராத விளையாட்டு

சிறு குழந்தைகளின் விளையாட்டைப் பார்த்து எழுதிவைக்கும் முறையைக் கல்வியியலார் உற்றுநோக்கல் பதிவு என்று குறிப்பிடுகின்றனர். குழந்தையின் விளையாட்டில் தலையிடாமல் அருகிலிருந்து, அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு, எந்தப் பொருளைக் கொண்டு, என்ன சொல்லி, எவ்வளவு நேரம் விளையாடியது என்பதை நடந்தபடியே எழுதுவதும், எழுதுபவரின் கருத்தை அக்குறிப்போடு கலக்காமல் தனியே வைப்பதும் இம்முறையின் அடிப்படைகள். கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழர் செறிந்து வாழும் எல்லைப் பகுதிகளில் குழந்தைகளைக் குறித்த எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும் அவ்வெழுத்தின் பெரும்பகுதி தலைக்கணக்காகவும் எடைக்கணக்காகவும் உணவுக்கணக்காகவும் அமைந்ததேயன்றி விளையாட்டைப் பற்றியதாக அமையவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்களின் அக்கறையின்மை இதற்குக் காரணம் அன்று. ஏடுகளை வகுத்தவர்கள் அவற்றிடம் கேட்ட கேள்வியே வேறாக இருந்தது.

இப்பகுதிகள் 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவாகும்வரை ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை அல்ல. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும், சித்தூரும் நெல்லியாம்பதி மலையும் கொச்சியிலும், பாலக்காடும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் அடங்கியிருந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும் அவை கேரளத்திலேயே நின்று, 1972இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அதன் பகுதிகளாயின. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தாலும், மூணாற்றுத் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளிலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற பாலக்காட்டுச் சமவெளி ஊர்களிலும் வீட்டு மொழி தமிழாகவே நீடித்தது. அட்டப்பாடி இருளரின் பேச்சும் தேவிகுளம் மலைகளில் வாழும் முதுவரின் பேச்சும் தமிழுக்கு நெருக்கமானவை. குழந்தை விளையாடும் மொழியும் அதைப் பற்றி அலுவலகம் எழுதும் மொழியும் வேறுவேறாக இருந்த இந்நிலை பின்னர் வந்த பதிவுகள் எல்லாவற்றையும் பாதித்தது.

மூணாற்றின் தோட்ட வரலாறு, ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற 1877 ஜூலையில் தொடங்குகிறது. அதே மாதத்தில்தான் லண்டனில் ‘மைண்ட்’ என்னும் ஆய்விதழில், சார்லஸ் டார்வின் தம் முதல் மகனைப் பார்த்து எழுதிவைத்திருந்த நாட்குறிப்புகளை 37 ஆண்டுகளுக்குப் பின் எடுத்துச் சுருக்கி வெளியிட்டார். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் சினத்தையும் அச்சத்தையும் சிரிப்பையும் நாள் குறித்து எழுதினால் அது அறிவியலுக்குச் சான்றாகும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றத் தொடங்கிய அக்காலத்தில், மேற்கு மலைத் தொடரில் குழந்தை வேறொரு வகையில் ஏடு ஏறியது. கங்காணிகள் வழியே குடும்பம் குடும்பமாக மலையேற்றப்பட்ட தொழிலாளர்களை ஆண், பெண், குழந்தை என மூன்றாகப் பிரித்துக் கூலி கணக்கிடுவது தென்னிந்தியத் தோட்டங்களின் வழக்கமாக இருந்தது. வேலைக்கு வந்த குழந்தைக்குக் கணக்கேட்டில் ஒரு வரி கிடைத்தது. லயத்து வாசலில் மண்ணைக் குவித்து விளையாடிய அதன் தம்பிக்கோ தங்கைக்கோ அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அதன் 12ஆம் பிரிவு, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் தோட்டங்களில் ஆறு வயது வரையிலான அவர்களுடைய குழந்தைகளுக்கெனத் தனி அறைகள் இருக்கவேண்டும் என்றும், அவை போதிய இடமும் வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உடையனவாய், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இயங்கவேண்டும் என்றும் வகுத்தது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக்காம்பரா என்றும் மலேசியத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்றும் வழங்கிய அமைப்பின் இந்திய வடிவமே இது. கேரளத்துக்குரிய விதிகள் 1959இல் வந்தன. சட்டப் பிரிவின் சொற்களைக் கூர்ந்து பார்த்தால், அது அறையைப் பற்றி நான்கு செய்திகளைச் சொன்னது, அறைக்குள் குழந்தை என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தெடுக்கும் தாய் தடையின்றி மலையில் நிற்க வேண்டுமானால் குழந்தை பாதுகாப்பாக ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் முதற்கவலை. ஆகவே, எத்தனை குழந்தைகள் வந்தன, என்ன கொடுக்கப்பட்டது, யாருக்குக் காய்ச்சல் என்பவை ஏட்டுக்குரிய செய்திகளாயின. பல தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் வேலையிலிருந்து வயதால் விலகிய பெண்களே ஆயாக்களாக அமர்ந்தனர். எந்தக் குழந்தை எதற்கு அழும், எது யாரோடு சேராது என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அவ்வறிவு வாய்மொழியாகவே இருந்து அவர்களோடு முடிந்தது.

தோட்டத்துக்கு வெளியே இப்பகுதி மக்களை எழுத்தில் கொணர்ந்தவர்களும் தனிக் குழந்தையைக் கண்டவர்கள் அல்லர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1861இல் பிறந்து, ஆசிரியப் பணியிலிருந்து கொச்சி அரசின் இனவரைவியல் பணிக்குச் சென்ற எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர், நெல்லியாம்பதிக் காடர் உள்ளிட்ட சமூகங்களை விவரித்த ‘கொச்சியின் பழங்குடிகளும் சாதிகளும்’ என்னும் நூலை 1909இலும் 1912இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அக்கால இனவரைவியலில் குழந்தை, பிறப்புத் தீட்டு, பெயரிடுதல், காது குத்துதல் என்ற சடங்கு வரிசைக்குள் சமூகத்தின் மாதிரியாக நுழைகிறது. ஒரு குறிப்பிட்ட காலையில் ஒரு குறிப்பிட்ட பிள்ளை செய்தது அங்கே செய்தி ஆகாது. தமிழ் மரபின் பிள்ளைத்தமிழும் இந்த வகையில் சற்றே ஒத்தது. ஐந்தாம் மாதத்தில் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி, பின்னர் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்று பருவங்களை வகுத்த அவ்விலக்கணத்துக்குப் பின்னால் தலைமுறைகளின் நுட்பமான உற்றுநோக்கல் இருந்திருக்கவேண்டும். வளர்ச்சி நிலைகளை மாதம் குறித்து வரிசைப்படுத்தும் இன்றைய அட்டவணைகளைக் கண்டு வியக்கும் தமிழாசிரியர்கள் இதனை நினைவுகூர்வது அரிது. எனினும் பிள்ளைத்தமிழின் குழந்தை கடவுளோ அரசனோ ஆகையால், அது விளையாட்டில் தோற்பதும் இல்லை, இடையில் சலித்து எழுந்து போவதும் இல்லை.

விளையாட்டை நடந்தபடியே எழுதும் மரபு இம்மலைகளுக்கு மிக அருகில் வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் அடையாறு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அடுத்த ஆண்டில் இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, நடமாட்டக் கட்டுப்பாடுகளோடு இந்தியாவிலேயே தங்கவேண்டியவரானார். 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கு இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவின் துணையோடு பல வயதுக் குழந்தைகள் சேர்ந்திருந்த ஒரு சிறு பள்ளியில், செடிகளையும் பூச்சிகளையும் நீர்நிலைகளையும் குழந்தைகள் அணுகும் விதத்தை நாள்தோறும் கவனித்தார். ஆசிரியரின் முதற்பணி கற்பிப்பது அன்று, கவனிப்பது என்பது அவர் முன்பிருந்தே வலியுறுத்திவந்த கருத்து. இந்தியாவில் கைக்குழந்தைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949இல் அடையாறில் அச்சாயிற்று. அதே போர்க்காலத்தில் கொடைக்கானலையும் மூணாற்றுப் பக்கத்து டாப் ஸ்டேஷனையும் பெரிஜம் வழியே இணைத்த மலைச்சாலை, ஜப்பானியர் வந்தால் தப்பிச்செல்லும் வழி என்ற பேர் பெற்றது. கொடைக்கானலின் உற்றுநோக்கல் முறையோ அச்சாலை வழியே தோட்ட லயங்களுக்குச் சென்றதாகச் சொல்ல இயலாது. மாண்டிசோரிப் பயிற்சி நகரங்களில் கட்டணப் பள்ளிகளின் சொத்தாக மாறியது. ஆயாவின் கைக்கு அது எட்டவில்லை.

இதே நோக்கில் வேறு இரு முயற்சிகள் இங்கே ஒப்புநோக்கத் தக்கவை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1924இல் திறக்கப்பட்ட மால்டிங் ஹவுஸ் பள்ளியை 1927 வரை நடத்திய சூசன் ஐசக்ஸ், குழந்தைகளின் பேச்சையும் சண்டையையும் கேள்வியையும் சொல் மாறாமல் எழுதச்செய்து, அக்குறிப்புகளைக் கொண்டே 1930இலும் 1933இலும் இரு பெருநூல்களை எழுதினார். அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல், தனித்து விளையாடல், பிறர் விளையாடுவதைப் பார்த்திருத்தல், அருகருகே இருந்தும் சேராமல் விளையாடல், கூடி விளையாடல் முதலிய நிலைகளைப் பிரித்துக் காட்டினார். இவற்றின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டத்துக் குழந்தை அறையின் திண்ணையில் மூன்று வயதுப் பெண் குழந்தை, தேயிலை இலைகளைப் பழைய துண்டில் முடிந்து இன்னொரு குழந்தையிடம் நீட்டி, நிறுக்கச் சொல்கிறது என்று கொள்வோம். மற்றது ஒரு கல்லைத் தூக்கி எடை சொல்ல, முதற்குழந்தை அந்த எடையை ஏற்காமல் முடிச்சைப் பிடுங்கிக்கொள்கிறது. வருகைப் பதிவேட்டில் இது இரண்டு வருகைக் குறிகள். இதையே பேசிய சொற்களோடு எழுதிவைத்தால், அளவு என்னும் கருத்து அக்குழந்தைக்குப் புரியத் தொடங்கியிருப்பதும், எடையில் ஏமாறக்கூடாது என்ற தோட்டத்துப் பாடம் அதன் விளையாட்டுக்குள் வந்துவிட்டதும், கூடி விளையாடும் நிலையை இருவரும் தொட்டிருப்பதும் தெரியவரும்.

விடுதலைக்குப் பிந்தைய அரசுத் திட்டங்கள் குழந்தையை ஏட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தன என்பது மெய்யே, ஆனால் எடை வடிவில். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கி உதவியோடு 1980இல், இன்றைய தேனியையும் அப்போது உள்ளடக்கியிருந்த மதுரை மாவட்டத்தில் தொடங்கி, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் குறித்தது. 1975 அக்டோபர் 2இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்து வேங்கரையில் முதற்கால் ஊன்றி, பின்னர் எல்லைப் பகுதிகளுக்கும் பரவியது. அங்கன்வாடி என்ற அதன் மையத்துக்கு மூலமான சிந்தனை, 1945இல் மராட்டியப் பகுதியின் போர்டியில் சிற்றூர்க் குழந்தைகளிடையே பணியைத் தொடங்கிய தாராபாய் மோடக்கினுடையது. குழந்தை இருக்கும் முற்றத்துக்கே ஆசிரியை சென்று அதன் விளையாட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர் வழி. அரசுத் திட்டமானபின் பெயர் நின்றது, முற்றத்தில் உட்கார்ந்து கவனிக்கும் நேரம் குறைந்தது. 2012இல் சீரமைக்கப்பட்டபோது அங்கன்வாடிக்குரியவை பதினொரு பதிவேடுகள். அவற்றில் முன்பருவக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது ஒன்று, அதுவும் பெரும்பாலும் வருகையைச் சார்ந்தது. 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியிலும் எடை, உயரம், உணவு, வருகை ஆகியவையே முதன்மை. 2013இல் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகளின் இறப்புகள் நாடறிந்த செய்தியானபின் எடைக் கணக்கின் இன்றியமையாமையை யாரும் மறுக்க முடியாது. எடைக் கணக்கு இருப்பதில் குறை காண்பதைவிட, அது மட்டுமே குழந்தையின் வரலாறாக எஞ்சுவதைச் சுட்டுவதே பொருத்தம்.

ஏலத் தோட்டங்களின் நிலை இதிலும் சிக்கலானது. வண்டன்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதி ஏலக்காடுகளுக்குக் கம்பம், போடி ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே விடியற்காலை ஜீப்புகளில் ஏறிவந்து மாலையில் திரும்பும் பெண்களின் குழந்தைகள் தமிழ்நாட்டுப் பக்கத்தில் தங்கிவிடுகின்றன. வேலையிடத்தை ஒட்டிக் குழந்தை அறை அமைக்கச்சொன்ன சட்டம், ஒரு மாநிலத்தில் உழைத்து இன்னொரு மாநிலத்தில் பிள்ளையை விட்டுவரும் தாயை எண்ணிப்பார்த்து எழுதப்பட்டதன்று.

அண்மைக் காலத்தில் வழிகாட்டும் ஆவணங்களின் குரல் மாறியிருக்கிறது. 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளைத் தேர்வால் அளக்காமல் உற்றுநோக்கலாலும் நிகழ்ச்சிக் குறிப்புகளாலும் மதிப்பிடச் சொல்கிறது. நிகழ்ச்சிக் குறிப்பு என்பது ஒரு சிறு நிகழ்வை நடந்த வடிவில் சில வரிகளில் எழுதுவது. அங்கன்வாடிகளுக்காக 2024இல் வெளியிடப்பட்ட ‘ஆதார்சிலா’ பாடத்திட்டமும் விளையாட்டையே மையமாகக் கொள்கிறது. எல்லைப் பகுதியில் இவை நடைமுறைக்கு வரும்போது எழும் முதற்கேள்வி, குறிப்பு எந்த மொழியில் எழுதப்படும் என்பது. குழந்தையின் சொற்களை மாற்றாமல் எழுதினால்தான் குறிப்புக்கு மதிப்பு. லயத்துக் குழந்தை தமிழில் பேரம் பேசியதை மலையாளத்தில் சுருக்கி எழுதினால் நிகழ்வு நிற்கும், பேச்சு போய்விடும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள இடமளித்திருந்தாலும், அது மனு எழுதும் பெரியவரை நோக்கியது. மூன்று வயதுக் குழந்தையின் பேச்சைத் தமிழிலேயே எழுதிவைக்கும் பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளரிடமே இருக்கிறது, அவர் கையிலோ எடைக்கும் உணவுக்கும் வருகைக்கும் உரிய செயலி முதலில் திறந்திருக்கிறது.