கந்தப்பளை: குடியேற்ற ஆட்சியும் சுதந்திரமும்

கந்தப்பளை, இலங்கையின் மத்திய மாகாணத்தில் நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்துள்ள சிறு நகரம். கோட்லோஜ், பார்க், கொங்கோடியா, எஸ்கடேல், ஹெதர்செட் முதலிய தேயிலைத் தோட்டங்கள் இதைச் சூழ்ந்துள்ளன. மரக்கறிச் செய்கையும் உண்டு. நகரிலும் தோட்டங்களிலும் பெரும்பான்மையாக வாழ்வோர், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழர். பிரித்தானிய முடியாட்சியிலிருந்து சுதந்திரம் வரையிலான இலங்கை ஆட்சிமுறை மாற்றங்கள் இத்தகைய தோட்டப் பகுதியை எவ்வாறு வந்தடைந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். கொழும்பை மையமாகக் கொண்ட வரலாற்று நூல்கள் 1833, 1910, 1924, 1931, 1947 என்று ஆண்டுக்கு ஆண்டு உரிமைகள் கூடிவந்த கதையைச் சொல்கின்றன. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்கு அந்தக் கதை 1931 வரை மட்டுமே பொருந்தும்.

கண்டி இராச்சியம் முதல் மத்திய மாகாணம் வரை

இலங்கையின் கரையோரம் 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. தொடக்கத்தில் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதை நிருவகித்தது; 1802இல் அது முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. மலைநாடு கண்டி அரசனிடமே இருந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாயக்கர் வம்சத்துக் கடைசி அரசனான ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1817–18 ஊவாக் கலகம் அடக்கப்பட்ட பின் பிரதானிகளின் அதிகாரமும் குறைக்கப்பட்டது.

1833ஆம் ஆண்டுக் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் நாடு முழுவதையும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவந்து ஐந்து மாகாணங்களாகப் பிரித்தது. தேசாதிபதிக்கு ஆலோசனை கூற நிறைவேற்றுச் சபையும் சட்டநிரூபண சபையும் அமைந்தன. சட்டநிரூபண சபையின் 15 பேரில் 9 பேர் உத்தியோகத்தர். மற்ற 6 பேரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலா ஓர் ஆசனம். எவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர்.

மலைநாட்டின் முகத்தை மாற்றியது இந்தச் சபையைவிட 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமே. உறுதி காட்ட முடியாத காடும் சேனை நிலமும் அரசுக்கு உரியவை என்று அது அனுமானித்தது. பிறகு அந்நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. தொடக்க விலை ஏக்கருக்கு 5 ஷில்லிங். வாங்கியவர்களில் அரச உத்தியோகத்தர்களும் இருந்தனர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்த காலம் அது. 1854இல் கண்டியில் தோட்டத் துரைமார் சங்கம் உருவானது. வீதி, பாலம், ரயில் பாதை, தொழிலாளர் சட்டம் எதுவானாலும் அச்சங்கத்தின் குரல் அரசாங்கத்தில் எடுபட்டது. 1869 முதல் இலை நோயால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னும் அந்தச் செல்வாக்குக் குறையவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903–04இல் போடப்பட்ட குறுகிய ரயில் பாதை அதற்கு உள்ளூர்ச் சான்று. தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசி மூட்டைகளை ஏற்றவும் அது உதவியது. 1940களில் அந்தப் பாதை கைவிடப்பட்டது.

தோட்டத்துக்கு வெளியே கிராமங்களை அரசாங்க அதிபரும் உதவி அதிபரும் ஆண்டனர். அந்த ஆட்சியின் கடுமையைக் கந்தப்பளைக்கு அடுத்த வலப்பனைப் பிரதேசம் கண்டது. நெல்வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் 1880களில் விற்கப்பட்டன. நிலமிழந்த சிங்களக் குடியானவர்கள் பட்டினியில் மடிந்தனர் என்ற செய்தியை வெளிக்கொணர்ந்தவர் நுவரெலியா உதவி அதிபராக இருந்த லெ மெசூரியர். 1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. ஒரே மலைச்சரிவில் சிங்களக் கிராமத்தவன் காணியை இழந்தான். தமிழ்த் தொழிலாளி அந்த மண்ணில் வேலை செய்தும் காணி பெறவில்லை. பிற்காலத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்திய அரசியலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துக்குள் ஓர் அரசு

தோட்டத் தொழிலாளி நேரில் அறிந்த அரசாங்கம் கொழும்பில் இல்லை. அது தோட்ட முகாமையாளரான பெரிய துரையின் பங்களாவில் இருந்தது. அவருக்குக் கீழே சின்னத்துரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அதிகாரம் படிப்படியாக இறங்கியது. விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பர். யார் எந்த மலைக்கு, யாருக்கு இன்று பேர் (முழுநாட் கூலி), யாருக்கு அரைப்பேர் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் கூலி இல்லை. பிறப்பு, இறப்பு, நோய், லயத்துச் சண்டை என்று எல்லாம் துரையின் காதுக்குப் போய்த்தான் வெளியே போகும். அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறல் என்பதால், உறவினரும் தொழிற்சங்கக்காரரும் வாசலிலேயே மறிக்கப்பட்டனர்.

இந்த ஆட்சியின் அச்சாணி பெரிய கங்காணி. ஊரில் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, கப்பலேற்றி வந்தவர் அவரே. தம் ஆட்களில் வேலைக்கு வருவோருக்குத் தலைக்கு இவ்வளவு என்று நாளாந்தக் காசும் அவருக்கு உண்டு. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆட்களை மாற்றும் துண்டு முறை, மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றியது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் நெடுங்காலம் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த நெருக்குதலும் சேர்ந்து 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

ஆசனங்கள் வந்த கதை

1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் படித்த இலங்கையருக்கு ஓர் ஆசனத்தைத் தேர்தல்மூலம் நிரப்ப வழிவிட்டது. அதில் வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1920, 1924 சீர்திருத்தங்கள் தேர்ந்தெடுக்கப்படுவோர் தொகையைக் கூட்டின. 1924இல் இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. வாக்களிக்கக் கல்வி, சொத்து, வருமானம் பற்றிய தகுதிகள் வேண்டும் என்பதால் லயத்தில் இருந்தவருக்கு அதில் பங்கில்லை. ஆயினும் 1925 இடைத்தேர்தலில் வந்த கோ. நடேசய்யர் இந்தியருக்குரிய அந்த ஆசனங்களில் ஒன்றைத் தோட்டத் தொழிலாளரின் குரலாக்கினார். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகையாளர் அவர். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் பாடல்களால் தொழிலாளரைத் திரட்டினார். தோட்ட அரசியலில் பெண்ணின் பெயர் அவ்வளவு முன்னதாகப் பதிவானதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

டொனமூர் காலம் (1931–1947)

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. புதிய சபைக்கு 50 பேர் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 8 பேர் நியமனம். மூன்று பிரித்தானிய உத்தியோகத்தர் சபையில் இருந்தனர். ஏழு நிறைவேற்றுக் குழுக்களின் தலைவர்கள் அமைச்சர்களாயினர். அக்கால ஆசியாவில் இது பெரும் பாய்ச்சல். எனினும் சர்வசன வாக்குரிமை என்ற பெயர் முழு உண்மையன்று. இந்தியத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனை விதிக்கப்பட்டது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது ஐந்தாண்டு வாழ்ந்ததற்கும் நிரந்தரமாகக் குடியிருக்க எண்ணுவதற்கும் சான்றிதழ் பெற வேண்டும். இல்லையேல் கல்வி, சொத்துத் தகுதிகள் இருக்க வேண்டும். சிங்களத் தலைவர்களின் எதிர்ப்பே இந்த வேலிக்குக் காரணம்.

வேலியைத் தாண்டியும் 1931இல் சுமார் 1 இலட்சம் இந்தியத் தமிழர் பட்டியலில் சேர்ந்தனர். 1939இல் அத்தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம். வேட்பாளருக்கு ஒரு நிறம் என்று வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டதால் எழுத்தறியாமை தடையாகவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்ணும் துரையும் ஒரே வகையான சீட்டைப் பெட்டியில் போட்டனர். 1931இல் ஹற்றனிலிருந்து பெரி சுந்தரம் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே ஹற்றனில் நடேசய்யர் வென்றார்.

கிராமத்து உள்ளாட்சி அமைப்பான கிராமச் சங்கத்தில் நிலைமை வேறு. 1937இல் கிராமச் சமூகச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளருக்கு அதில் வாக்கு மறுக்கப்பட்டது. முதலில் இந்தியத் தொழிலாளர் என்று எழுதியிருந்ததை, எதிர்ப்புக்குப் பின் பொதுவாகத் தோட்டத் தொழிலாளர் என்று மாற்றினர், விளைவு மாறவில்லை. நாட்டின் சபைக்கு ஆள் அனுப்பலாம், தன் வீட்டுக்கு எதிரிலுள்ள பாதையைப் பற்றிப் பேச முடியாது என்ற விசித்திர நிலை அப்போது பிறந்தது.

1939இல் இந்தியத் தினக்கூலிகளை அரச வேலையிலிருந்து நீக்கும் கொள்கை வந்ததும் ஜவஹர்லால் நேரு இலங்கை வந்தார். அவர் வருகையின்போது அவ்வாண்டு ஜூலை 25இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு தடைசெய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரைத் தன் முதல் தியாகியாகக் கொள்கிறது.

சோல்பரி அரசியலமைப்பும் சுதந்திரமும்

சோல்பரி ஆணைக்குழு 1944–45இல் வந்து, வெஸ்ட்மினிஸ்டர் பாணி ஆட்சியைப் பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபையில் 95 பேர் தெரிவு, 6 பேர் நியமனம். செனற் சபையில் 30 பேர். எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று 29ஆம் பிரிவு கூறியது. பிரஜாவுரிமை பற்றி அது தெளிவாக எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனமே பின்னர் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோர் வென்றவர்களில் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. டி. எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 42 ஆசனங்களுடன் அறுதிப் பெரும்பான்மையின்றியே ஆட்சி அமைத்தது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. மகா தேசாதிபதி மன்னரின் பிரதிநிதியாக இருப்பதும், மேன்முறையீடு இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் செல்வதும் தொடர்ந்தன. திருகோணமலை, கட்டுநாயக்கா தளங்கள் 1957 வரை பிரித்தானியர் வசம் இருந்தன.

பிலிப்பைன்ஸும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய அந்நாடு, 1916இல் ஈரவைச் சட்டமன்றமும், 1935இல் மனுவேல் கெசோன் தலைமையில் தன்னாட்சி அரசும், 1946 ஜூலை 4இல் சுதந்திரமும் பெற்றது. அங்கும் அந்நியத் தளங்கள் நீடித்தன. அங்கே பெண்களுக்கு வாக்கு 1937இல்தான் கிடைத்தது. அதில் இலங்கை முந்தியது. ஆனால் சுதந்திரத்தின் கையோடு வாக்காளரில் ஒரு பெரும் பகுதியை நீக்கிய பெருமை இலங்கைக்கே உரியது.

வாக்கைப் பறித்த சட்டங்கள்

1946 குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் மக்களில் நூற்றுக்கு 11.7. சுதந்திரம் பெற்றுப் பத்து மாதத்துக்குள், 1948 நவம்பர் 15இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவரிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்பது, கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்த பின் கேட்கும் கேள்வி.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவுமூலம் பிரஜையாக வழி காட்டியது: திருமணமானவர் 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்கு ஒருமுறை போய்வந்ததும் தடையாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதவரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, முடிவில் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவில் மட்டுமே பிரஜைகளாயினர். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. அதனால் கிடைத்த கூடுதல் ஆசனங்கள் வாக்கிருந்த மற்றவர்களுக்குப் போயின. பிரஜாவுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் கட்சி பிளந்தது; அதிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பின்விளைவு

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் நாடற்றவரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1972இல் இலங்கை குடியரசாகி 29ஆம் பிரிவு மறைந்தது. 1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மீண்டும் வென்று, அடுத்த ஆண்டு அமைச்சரானார். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரஜாவுரிமை அளித்தன.

1937இல் கிராமச் சங்கத்தில் போடப்பட்ட தடை எல்லாவற்றையும்விட நீண்ட காலம் நின்றது. உள்ளாட்சி பிரதேச சபைகளுக்கு மாறிய பின்னும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. தோட்ட லயத்துக்குப் போகும் பாதையைப் பிரதேச சபை தன் பணத்தில் செப்பனிடச் சட்டம் இடம்கொடுத்தது 2018இல்தான்.