ரெயூனியன் தீவில் நம்மவர்: சாமிக்குக் கோயில், ஆளுக்குக் கொட்டடி

சென்ற பதிவில் நம் ஊர் சொல்தா குடும்பங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "ரெயூனியனுக்குப் போனவர்களைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று கேட்டார்கள். அந்தத் தீவின் கோடைத் திருவிழாக்களும் அங்கே நம்மவர் வீடு தேடி அலைந்த வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரெயூனியன் இந்துமாக்கடலில் மொரீசியசுக்குத் தென்மேற்கே உள்ள தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கையும் கூட்டினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்தத் தீவு சின்ன வயதிலேயே பழக்கம். செஞ்சி மலையின் உயரம் தெரியாது. பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் நம் துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த இடம் அது என்பதை எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதாக நினைவில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகுதான்.

பிரெஞ்சு தெரிந்த ஆள் என்பதால், பழைய எத்தா சிவில் பத்திரங்களோடு யார் வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். அப்படி வந்தவர்களில் ரெயூனியன்காரர்களும் உண்டு. தமிழ் பேசத் தெரியாது. கையில் ஒரு நகல் இருக்கும். அதில் பாட்டனுக்குப் பாட்டன் பெயரும் ஒரு மத்ரிக்குல் எண்ணும் இருக்கும். "இது எந்த ஊர்?" என்று கேட்பார்கள். எழுதிய பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்ததை எழுதியிருப்பான். அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும். சில சமயம் பிடிபடாமலே போகும்.

அவர்கள் முன்னோர் போன காரணம் நாம் அறிந்ததே. 1848 டிசம்பர் 20ஆம் தேதி ரெயூனியனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாக ஆணையர் சார்தா கரிகா அறிவித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்பு வெட்ட ஆள் இல்லை. 1828 வாக்கிலேயே ஏனாம் பக்கத்திலிருந்து சிறு அளவில் தொடங்கியிருந்த ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி, இப்போது பெரிதாகப் பெருகியது. 1860இல் பிரான்சும் இங்கிலாந்தும் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. கூலிகளை நடத்திய விதம் பற்றிப் புகார்கள் குவிந்ததால் 1882இல் ஆங்கில அரசு அதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போய்விட்டார்கள். பெரும்பாலோர் தமிழர். அங்கே அவர்களுக்கு "மல்பார்" என்று பெயர்.

கப்பலை விட்டு இறங்கியவுடன் கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் உள்ள லசரேத்தில் தங்க வேண்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவே கட்டிய நோய்த்தடுப்பு முகாம் அது. காலரா, அம்மை இல்லை என்று தெரிந்த பிறகுதான் முதலாளிகளிடம் பிரித்து அனுப்புவார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. தங்குவதற்குக் கொடுத்தது ஆலைப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய கொட்டடிகள். கல்பனோன் என்று அங்கே சொல்வார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. நிலமும் சுவரும் முதலாளியுடையவை. வேலை போனால் அறையும் போகும்.

ஆனால் அதே முதலாளிகள் தோட்டத்து ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கோயிலுக்கு விட்டுக் கொடுத்தார்கள். பக்தியால் அல்ல, சாமி இருக்கும் இடத்தில் கூலி நிலைத்திருப்பான் என்ற கணக்கால். இப்படித்தான் ஆலைகள்தோறும் மாரியம்மனும் காளியும் பாஞ்சாலியும் வந்து அமர்ந்தார்கள். தனக்கென்று கையகல நிலம் இல்லாத மனிதன் சாமிக்கு முதலில் வீடு கட்டினான். பிற்பாடு மனிதன் குடியிருப்பு எத்தனையோ முறை மாறியது. கோயில் மட்டும் அப்படியே இருந்தது.

இனி திருவிழாவுக்கு வருகிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நம் மார்கழியும் தையும் மாசியும் அவர்களுக்குக் கடுங்கோடை. நம் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி சித்திரை முதல் ஆடி வரையில் நடக்கும். அங்கேயோ டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம், இல்லையென்றால் ஜூலை. பஞ்சாங்கத்தில் இதற்கு விடை கிடைக்காது. கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும். வெட்டு தொடங்கும் முன் ஒரு வேண்டுதல், வெட்டு முடிந்த பின் ஒரு நன்றிக்கடன். ஆலையின் சங்குதான் அவர்களுக்குப் பஞ்சாங்கமாக இருந்திருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு டிசம்பரில் அக்கா மகன் வீட்டில் ஆறு வாரம் தங்கினேன். அவன் செந்த் ஆந்த்ரே பக்கத்தில் ஆசிரியர். அங்கே தீமிதி பார்த்தேன். பதினெட்டு நாள் விரதம். அதற்குக் கிறிஸ்தவச் சொல்லால் "கரேம்" என்று பெயர். அர்ச்சுனனுக்கும் பாஞ்சாலிக்கும் கலியாணம் செய்விக்கிறார்கள். இரவில் பாரதக் கூத்து. அதை "பால் தமூல்" என்கிறார்கள், அதாவது தமிழ் நடனம். கூத்து நடத்துபவர் "வர்த்தியால்", வேறு யாருமில்லை, நம் வாத்தியார்தான். பாஞ்சாலி "பந்தியாலே" ஆகிவிட்டாள். நெருப்புக் குழி "திக்கூலி". தீக்குழி என்று நமக்கு உடனே புரிகிறது. முனீஸ்வரன் "மினிஸ்ப்ரேன்", மதுரைவீரன் "மர்தேவிரேன்". எனக்கு மயிர்க்கூச்செறிந்தது "நர்குலான்" கொடிமரத்தைப் பார்த்தபோதுதான். நாகூர் மீரான்! காரைக்காலிலிருந்து கப்பலேறியவன் நாகூர் ஆண்டவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

பூசாரி கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தமிழ்ப் பாட்டு முழுவதும் ரோமன் எழுத்தில். அர்த்தம் தெரியாமலே நான்கு தலைமுறையாகப் பாடி வருகிறார்கள். அதே ஆட்கள் கிறிஸ்துமஸ் இரவில் மாதா கோயில் பூசைக்கும் போனார்கள். அங்கே இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. வில்லியனூர் மாதா கோயிலுக்கு எல்லோரும் போகிற ஊரில் பிறந்த எனக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

திருவிழாக் காலமும் புயல் காலமும் ஒன்று என்பதுதான் அந்தத் தீவின் தலையெழுத்து. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்களில் பலர், குத்தகைக்காரர்களாக முதலாளி நிலத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். கூரை பெரும்பாலும் வெட்டிவேர்த் தாள். பிரெஞ்சு மொழியில் "வெத்திவேர்" என்ற சொல்லே நம்முடையது என்பது அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1948 ஜனவரி 26, 27 தேதிகளில் அடித்த புயலில் 165 பேர் இறந்தார்கள். குடிசைகள் தீவு முழுவதும் பறந்தன.

அப்போது ரெயூனியன் குடியேற்ற நாடு அல்ல. 1946 மார்ச் 19ஆம் தேதிச் சட்டத்தால் பிரான்சின் ஒரு தெபார்த்மாந்த் ஆகிவிட்டது. சட்டத்தில் சமம், வீட்டிலோ ஓலையும் தகரமும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் 1949இல் சிதர் என்ற வீட்டு வசதி நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. 1962 பிப்ரவரி 28இல் ழென்னி என்ற புயல் வந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று, ஆயிரக்கணக்கான வீடுகளைப் பெயர்த்த பிறகுதான் வேகம் பிடித்தது. தலைநகர் சென் தெனியின் கிழக்கே ஷோதுரோன் என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு 1960களில் எழுந்தது. ஊர்ப்புறத்தில் "கஸ் தோமி" என்ற சிக்கனமான சிறு வீடுகள் வந்தன. கட்டியவர் பெயர் மொரீஸ் தோமி. வீட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சிமெண்டு வீடு உயிரைக் காப்பாற்றியது. அதில் சந்தேகமே வேண்டாம். 1980 ஜனவரியில் யசேந்த் புயலின்போது மலைப்பகுதியில் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவானது. நம் ஊரில் நான்கு ஆண்டுகளில் பெய்வதைவிட அதிகம். அதில் இறந்தவர்கள் சுமார் 25 பேர். 2025இல் மறுபடியும் அதே பிப்ரவரி 28ஆம் தேதி காரான்ஸ் என்ற புயல் தீவின் வடக்கைத் தாக்கியது. உயிர்ச்சேதம் ஒற்றை இலக்கத்தில் நின்றது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் குடிசைகளை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ஆனால் வீடு மட்டும் போதாது. 1991இல் அதே ஷோதுரோனில் பெரிய கலவரம் வெடித்தது. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்புக் கருவிகளைப் பறித்தது உடனடிக் காரணம். வேலையில்லாத இளைஞர்களின் கோபம் உள்காரணம்.

ஆலைகளும் மூடிக்கொண்டே வந்தன. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேல் இருந்தவை இன்று இரண்டே: புவா ரூழ், லெ கோல். 1978இல் மூடிய ஸ்தெலா மத்துத்தினா ஆலை இப்போது அருங்காட்சியகம். ஆலை போனால் அதன் பக்கத்துக் கூலிக்குடியிருப்பின் கதி என்ன? அங்கே மூன்று தலைமுறையாகத் தகரமும் கல்லும் வைத்துத் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள் உண்டு. நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. இடிக்க வேண்டும் என்றால் "உன் நிலம் இல்லையே" என்று சொல்லிவிடலாம். 2011 ஜூன் 23ஆம் தேதிச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. அரசுத் திட்டத்துக்காகக் காலி செய்யும்போது, நிலம் தன்னுடையது இல்லாவிட்டாலும், கட்டிக் குடியிருந்தவனுக்குப் பண உதவி தர வழி செய்தது. அதைக் கொண்டுவந்தவர் மார்த்தினிக் தீவின் உறுப்பினர் செர்ழ் லெச்சிமி. பெயரிலேயே நம் லட்சுமி இருக்கிறாள்.

நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பழைய குடியிருப்பு இருந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முற்றத்தில் முருங்கை மரம், அதன் கீழே மூன்று கல், மர்தேவிரேன். அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வீடு தருவதாகக் கடிதம் வந்திருந்தது. குளியலறை உண்டு, புயலுக்குப் பயமில்லை. மகனுக்குச் சந்தோஷம். அந்த அம்மா கிரியோலில் சொன்னதை அக்கா மகன் எனக்குப் பிரெஞ்சில் சொன்னான்: "எனக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். மண்ணில் நிற்கிற சாமியை மாடியில் எங்கே வைப்பது?" நான் அலுவலகத்தில் எத்தனையோ மனுக்களுக்குப் பதில் எழுதியவன். இதற்கு எந்த விதியின் கீழ் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அந்த அம்மா மாடிக்குப் போய்விட்டதாகவும், கற்களைப் பூசை செய்து எடுத்து ஊர்க்கோடியில் தம்பி வீட்டு முற்றத்தில் வைத்ததாகவும் அக்கா மகன் தொலைபேசியில் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் பேத்தி காரில் கூட்டிப் போகிறாளாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரெயூனியனிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் இப்போதும் உண்டு. உங்கள் தெருவில் யாராவது ஒரு பழைய காகிதத்தோடு நின்றால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, அங்கே குடும்பப் பெயராக இருப்பது உண்மையில் யாரோ ஒரு தாத்தாவின் சொந்தப் பெயர். ராமசாமி, வீராபுள்ளை, மினாச்சி என்று இருந்தால் அது சாதியோ வம்சமோ அல்ல, கப்பலேறிய ஆள். இரண்டு, ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், காதால் படியுங்கள். கூட நான்கு பெரியவர்களை உட்கார வைத்து உரக்கப் படித்தால், யாராவது ஒருவர் "அட, அது நம்ம பக்கத்து ஊராச்சே" என்பார். என் மேசையில் அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. வந்தவர் மாலையே அந்த ஊருக்குப் பஸ் ஏறிப்போய், அங்கிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் விமானத்துக்குப் போனார்.