தீர்ப்பும் மக்கள் மனமும்

ஒரு சட்டத்தை ஒரே நாளில் நீக்கிவிடலாம். மக்களின் மனத்தை அவ்வாறு மாற்ற இயலுமா? தன்பாலீர்ப்புடையோர் பற்றி நம் நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஆணும் ஆணும் கொள்ளும் உடலுறவை, இருவரும் மனமொப்பியிருந்தாலும், ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றமாக்கியது. இங்கிலாந்தே 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திய பின்னரும் இங்கு அது நீடித்தது. 2009 ஜூலை 2ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று என்றது. 2013 டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அக்குற்றத்தை நீக்கினர்.

இக்காலத்தில் மக்கள் கருத்து எவ்வாறிருந்தது? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் திரட்டிய கணக்கின்படி, இத்தகையோரைச் சமூகம் ஏற்க வேண்டும் என்ற இந்தியர் 2014இல் நூற்றுக்கு 15 பேர். 2019இல் 37 பேர். இவ்வளர்ச்சி முழுவதும் தீர்ப்பின் விளைவு என்று கூறிவிட முடியாது. வழக்கையொட்டி எழுந்த பேச்சுக்கும், வெளிப்படையாக வாழத் துணிந்தோரின் முகங்களுக்கும் அதில் பங்குண்டு. அன்றியும், நூற்றுக்கு 37 என்பது பாதியினும் குறைவே.

தீர்ப்பின் வலிமைக்கு எல்லை உண்டென்பதற்கு நம் கொங்கு நாட்டிலேயே சான்று காணலாம். ஈரோட்டுப் பெரியார் பரப்பிய சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அத்திருமணங்கள் நின்றுவிட்டனவா? இல்லை. மக்கள் தொடர்ந்து நடத்தினர். 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பின்னர் அவற்றுக்கு ஏற்பளித்தது. இதற்கு மறுதலையாக, 1856இல் கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் அனுமதித்தும், பல தலைமுறைகள் அதை வீட்டுக்குள் விடவில்லை. மனம் முந்தினால் சட்டம் பின்தொடர்கிறது. மனம் பிந்தினால் சட்டம் வாயிற்படியில் காத்து நிற்கிறது.

எனின் தீர்ப்பால் பயனில்லையோ? உண்டு. பெற்றோருக்கு அஞ்சிச் சென்னையை அடைந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்பதை மறைக்காது கூறினார். உளவியலார் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். 2021 ஜூன் 7ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். காவல்துறை இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது, மருத்துவத்தின் பெயரால் இயல்பை மாற்ற முயலலாகாது என்றது அவ்வாணை. 2022இல் தமிழக அரசு, இவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இழிசொல் இருந்த இடத்தில் நற்சொல் வந்தது. தீர்ப்பு தந்த பெரும் பயன்களுள் அதுவும் ஒன்று.

ஆயினும் 2025 மே மாதத்தில், குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்க அவர் தோழி நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. சட்டம் மாறி ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகியும் வீடு மாறவில்லை.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதி ரோகின்டன் நாரிமன், அத்தீர்ப்பை வானொலி, தொலைக்காட்சி, அச்சு ஊடகங்கள் வழியே மக்களிடம் அடிக்கடி எடுத்துச் செல்லுமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டார். எழுதிய தீர்ப்பு தானே நடந்து செல்லாது என்பதை அவர் அறிந்திருந்தார். டில்லியில் எழுதப்பட்டது வெள்ளகோவிலின் தறிக்கூடத்தையும் வகுப்பறையையும் எட்ட வேண்டுமானால், யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களோடு பயிலும் ஒருவர் இயல்பில் வேறானவராக இருக்கலாம். அவரை வீட்டார் விருப்பமில்லாத் திருமணத்துக்கு வற்புறுத்தும் நாளில், நீதிமன்றம் நெடுந்தொலைவில் இருக்கும். நீங்கள் அருகில் இருப்பீர்கள். ஏளனமா, ஆதரவா என்பதை அன்று நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.