விதையில்லாப் புல்லின் பயணம்

மாட்டுக்காரர்கள் கிணற்றடியில் வளர்க்கும் கம்பு நேப்பியருக்குத் தாயும் தந்தையும் ஆப்பிரிக்கர்கள்.

தாய், கம்பு. சகாராவுக்குத் தெற்கே மனிதர் பயிராக்கிய இத்தானியம், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்து நம் மானாவாரிக் காடுகளில் ஊன்றிவிட்டது. தந்தை, ஆப்பிரிக்க ஆற்றோரங்களில் ஆளுயரம் தாண்டி வளரும் யானைப்புல். ரொடீசியாவின் புலவாயோவில் வாழ்ந்த கர்னல் நேப்பியர், இதைத் தீவனமாக வளர்த்துப் பார்க்கும்படி அங்குள்ள வேளாண் துறையை வலியுறுத்தினார்; அவர் பெயரே புல்லுக்கும் நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதுவும் இந்தியா வந்தது.

நேப்பியர் பல ஆண்டுகள் தூர்கட்டி நிற்கும். ஆனால் தழை முரடு. கம்புத் தட்டை மாடுகள் விரும்பித் தின்னும். ஆனால் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே புல்லில் சேர்க்க, 1953இல் கோயம்புத்தூரில் இவற்றை ஒட்டுச் சேர்த்தார்கள். கம்பில் 14 குரோமோசோம்கள், நேப்பியரில் 28. ஒவ்வொன்றிலும் பாதி சேர்ந்து பிள்ளைக்கு 21. ஒற்றைப்படை என்பதால் இவை சரிசமமாகப் பிரிவதில்லை. அதனால் கதிர் வரும். முளைக்கும் விதை வராது. இக்குடும்பத்தில் வந்ததுதான், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ 4.

காற்றோ பறவையோ பரப்ப முடியாத இந்தப் புல், கரணையாக வெட்டப்பட்டே ஊர் ஊராகப் போகிறது. புதிய காட்டில் அது பிழைப்பது நடவைப் பொறுத்தது. நன்றாக உழுது, தொழு உரமிட்டு, 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். முற்றிய தண்டை இரண்டு பரு உள்ள கரணைகளாக நறுக்கி, 50 செ.மீ.க்கு ஒன்றாக, பரு மேல்நோக்கி இருக்கும்படி ஊன்ற வேண்டும். ஒரு கணு மண்ணுக்குள் வேர் பிடிக்கும். இன்னொன்று வெளியே துளிர்க்கும். இந்தக் கணக்கில் எக்டேருக்குச் சுமார் 33,000 கரணைகள் பிடிக்கும். நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். முதல் மாதம் களையை அண்டவிடக் கூடாது. தூர் விரிந்துவிட்டால் நிழலே களையை அடக்கிவிடும்.

75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒன்று. நீரும் உரமும் குறையாவிட்டால் எக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் வரை பசுந்தீவனம் தரும். மாட்டுக்கு இது மட்டும் போதாது. புரதத்துக்கு வேலி மசாலையும் சேர்த்துப் போட வேண்டும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால் என்று நட்டால் ஒரே காட்டிலிருந்து இரண்டும் கிடைக்கும்.

அடிக்கடி அறுக்கும் காட்டில் இளந்தண்டுதான் இருக்கும். அது கரணைக்கு ஆகாது. ஆகவே ஒவ்வொருவரும் சில தூர்களையாவது அறுக்காமல் முற்ற விட வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அக்கம்பக்கத்துக் காடுகளில் புல் மீண்டும் எழுவது அந்தத் தூர்களிலிருந்துதான்.